காதர் காட்டிய அளவு

அன்றைக்கு அடித்தது சாதாரணக் காற்று இல்லை. ஆடி பிறந்துவிட்டால் மலையிலிருந்து இறங்கி எங்கள் ராஜபாளையத்துக்குள் புகுந்து, கொடியில் காயும் சேலையை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் போகிற காற்று. அந்தக் காற்றில், பொழுது மசங்கும் நேரத்தில், நாங்கள் நாலு பெண்கள் ஒரு சிமெண்டுத் தொட்டியை டிராலியில் ஏற்றித் தெருவைக் கடந்துகொண்டிருந்தோம்.

தொட்டியில் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. செடியில் ஒரே ஒரு மொட்டு. இரண்டு பேர் டிராலியைத் தள்ள, மற்ற இரண்டு பேர் பேண்டேஜ் துணியை விரித்துச் செடியைச் சுற்றித் திரை பிடித்திருந்தோம். காற்று அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

"மெல்லகா... மெல்லகா..." என்று ராஜம்மா தெலுங்கில் முனகிக்கொண்டே வந்தாள். பேண்டேஜ் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்த காலம் பூராவும் என்னோடு வேலை பார்த்தவள். பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது.

என் வீட்டுக்காரர் தெரு நடுவில் கையை விரித்து நின்று டூவீலர்களை நிறுத்திக்கொண்டிருந்தார். ஒருத்தன் மட்டும் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். "ஏலே, ஒரு நிமிசம் பொறுத்தா உன் குடியா முழுகிரும்?" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டியையே அணைத்துவிட்டான்.

எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு கார் போகலாம், பக்கத்தில் ஒரு மாடு ஒதுங்கலாம். அம்புட்டுதான் தெரு. அந்தத் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு ஜமீலா வர முடியாது. அதனால் செடி போனது.

போன வாரம் இந்தப் பகுதியில் மில் சங்கைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஊர்க் கதையே சொல்றீங்களே, உங்க தெருவுல ஒண்ணுமே நடக்கலையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடந்தது தாயி. எழுதலாமா என்று ஜமீலாவிடமே கேட்டேன். "எழுதுங்க அக்கா. அவிய பேரு அச்சுல வந்தா அவியளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

அவள் 'அவிய' என்றது அவள் புருசன் காதரை.

கடைக்கு ஓர் அளவு, வாய்க்கு ஓர் அளவு

காதர் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். லுங்கி, துண்டு, நைட்டி, ஜாக்கெட் பிட்டு. கடையில் அவர் கையில் அளவுகோல் இருந்தால் அளவு ஒரு விரற்கடை தப்பாது. கிழித்துக் கொடுத்த துணியை நான் வீட்டில் வந்து அளந்து பார்த்திருக்கிறேன். என் புத்தி அப்படி. ஒருநாளும் குறைந்ததில்லை.

ஆனால் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தால் போச்சு. எதையும் இரண்டு பங்காக்கித்தான் சொல்லுவார். கான்சாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து, "ஓடையில இடுப்பளவு தண்ணி அக்கா, நீந்தித்தான் வந்தோம்" என்றார். கூடப் போயிருந்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். வேட்டியில் கரை மட்டும் நனைந்திருந்தது.

அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. கேட்கிற ஆளுக்குக் கண் விரிய வேண்டும், அதுதான் அவருக்குச் சந்தோசம். "காதர் சொன்னா பாதியாக் குறைச்சுக்கோ" என்று தெருவில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. ஜமீலா மட்டும் குறைக்க மாட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் சொன்னதை அப்படியே முழுசாக நம்புகிறவள். வெளியில் ரொம்பப் போகாதவள். அவர் கண்ணில் பட்டதுதான் அவளுக்கு ஊர்.

இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள். இரண்டு பேருக்கும் நான் அக்கா. நஸ்ரின் என்று ஒரே மகள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தது

என் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவர் பேரனுக்குக் காதுகுத்து. காதரும் எங்களோடு வந்திருந்தார். வந்த இடத்தில் மதினி வீட்டு முற்றத்தில் அன்றைக்கு ராத்திரிதான் அந்தச் செடி பூத்தது.

பிரம்ம கமலம் என்பார்கள். பாதிப் பேருக்கு இப்போது தெரிந்திருக்கும். செல்போனில் படம் வராத வருசம் இல்லை. உண்மையில் அது இமயமலைப் பூ இல்லை, ஒரு கள்ளி வகை என்று நஸ்ரின் படித்துச் சொன்னாள். இதை ஒருமுறை மதினியிடம் சொல்லப்போய், "எங்க வீட்டுச் சாமியைக் கள்ளிங்கிறியா?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு மாசம் என்னோடு அவர் பேசவில்லை. கள்ளியோ சாமியோ, முள் கிடையாது. நீளநீளமாகத் தட்டையாகத் தொங்கும். பார்த்தால் இலை. அந்த இலையின் ஓரத்திலிருந்தே மொட்டு வரும், ராத்திரியில் விரியும், விடிவதற்குள் தலை தொங்கிப் போகும்.

மதினி கற்பூரம் காட்டினார். அக்கம்பக்கம் எல்லாம் கும்பிட்டது. காதர் மட்டும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொசு பிடுங்குவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் தூங்கப் போன பிறகும் இருந்தார். காலையில் மதினியிடம், "அக்கா, ஒரே ஒரு இலை கொடுங்க. எங்க வீட்ல பாக்கணும்" என்று கேட்டு வாங்கினார். அந்த இலையை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வந்த வேகத்தில் ஜமீலாவிடம் கையை விரித்துக் காட்டினார். நான் அங்கேதான் நின்றேன். இரண்டு கையையும் அகட்டி, விரல்களைக் குவித்து, ஒரு சாப்பாட்டுத் தட்டை ஏந்துவதைப் போலக் காட்டினார்.

"இம்புட்டு இருக்கும் ஜமீலா. ஒத்தப் பூவு. இம்புட்டு!"

"யா அல்லா!" என்றாள் ஜமீலா.

எனக்குச் சிரிப்பு வந்தது. மதினி வீட்டில் நான் எத்தனையோ தடவை பார்த்த பூதான். அதில் பாதிகூட இருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

கண்ணில் வைத்து வளர்த்தார்

ஜமீலா வீட்டு மாடியில் வெயில் கொளுத்தும். வைத்த முதல் மாசமே இலை வெந்து மஞ்சளாகிவிட்டது. அதனால் செடி எங்கள் வீட்டுப் பின்பக்கம், வேப்பமர நிழலுக்கு வந்தது. விடியக்காலைத் தொழுகை முடிந்து வரும் வழியில் காதர் எங்கள் பக்கவாட்டுச் சந்து வழியாக நுழைந்து செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். எனக்கு முழிப்பு வருவதே அவர் வாளிச் சத்தத்தில்தான்.

தண்ணீர் மட்டுமா! முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல், மீன் கழுவிய தண்ணீர். யார் எதைச் சொன்னாலும் கொண்டுவந்து போடுவார். வருசா வருசம் தொட்டியை மாற்றி, இன்னும் பெரிய தொட்டியில் வைப்பார். கடைசியாக வந்ததுதான் அந்தச் சிமெண்டுத் தொட்டி. செடி தாறுமாறாக வளர்ந்து சாய்ந்தது. சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது.

எங்கள் ஊரில் எதைக் கட்டவும் கயிறு தேட மாட்டோம். பேண்டேஜ் கம்பெனிக் கழிவுத் துணி இருக்கும்போது கயிறு எதற்கு? கிழிந்த சுருள்களை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். செடிக்கு உடம்பெல்லாம் கட்டு. பார்க்கிறவர்கள், "என்னக்கா, செடிக்கு ஆக்சிடெண்டா?" என்று கேட்பார்கள்.

இத்தனை செய்தும் பூக்கவே இல்லை. ஒரு வருசம், இரண்டு வருசம் இல்லை. நஸ்ரின் பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்கும் போய்விட்டாள். செடி இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது. மதினி போனில், "எல்லாருக்கும் பூத்துராது" என்று ஒரு மாதிரி இழுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காதர் அசரவே இல்லை. மழை பெய்த மறுநாள் ஜமீலா அவரைக் கேலி பண்ணுவாள்: "என்ன, உங்க தட்டு வந்துச்சா?" அவர் உடனே கையை அகட்டிக் காட்டுவார். "வரும்டி. வரும்போது நீதான் மொதல்ல பாக்கணும். உனக்குத்தான் வச்சிருக்கேன்." அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அந்தக் கை மட்டும் எந்த வருசமும் சுருங்கவில்லை.

சித்திரையில்

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று காலையில்கூட வாளிச் சத்தம் கேட்டிருந்தேன்.

அவரைப் பொதிந்த வெள்ளைத் துணி அவர் கடையிலிருந்துதான் வந்தது. கடைப் பையன் அழுதுகொண்டே அளந்து கிழித்தானாம். அதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் தேம்பினார். நாற்பது வருசக் குடித்தனத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜமீலா இத்தா இருந்தாள். புருசன் மௌத்தானால் மனைவி நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. பெண்கள் நாங்கள் போய்ப் பார்க்கலாம். நான் தினம் போனேன். வெள்ளைச் சேலையில், பட்டாசாலை என்கிற முன்கூடத்தை ஒட்டிய அறையில் ஒரு பாயில் உட்கார்ந்திருப்பாள்.

என்ன பேசினாலும் தலையை ஆட்டுவாள். அழவே மாட்டாள். மௌத்தான அன்றைக்கும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். நஸ்ரின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியம்மா, அம்மா ராத்திரி தூங்குறதே இல்ல. அத்தாவப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேங்குது" என்று கண் கலங்கினாள். 

இந்த அமளியில் செடியை யாரும் நினைக்கவில்லை. நானும்தான். வைகாசி, ஆனி இரண்டு மாசமும் அது தண்ணீர் இல்லாமல் கிடந்தது. எப்போதாவது விழுந்த சாரல்தான்.

மூன்று மொட்டு

ஆடி பிறந்ததும் ஒருநாள் துணி காயப்போடப் போனேன். சன்னல் பக்கம் இலை ஓரத்தில் செக்கச்செவேலென்று ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. புழு என்று நினைத்துக் குச்சியை எடுத்துவிட்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் மொட்டு. ஒன்றில்லை, மூன்று.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சந்தோசமா, துக்கமா, ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "ஏன்யா, நாலு மாசம் இருந்து பாத்துட்டுப் போகக்கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

வத்திராயிருப்புப் பாதையில் ஒரு நர்சரி உண்டு. வேறு வேலையாக அங்கே போனபோது விசாரித்தேன். இந்தச் செடிக்குத் தினம் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். தொட்டியை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாதாம். வேர் நெருக்கிக்கொண்டு, கொஞ்சம் காய்ந்து கிடந்தால்தான் பூக்குமாம்.  அந்த மனிதர் ஊற்றிய வாளி வாளித் தண்ணீர்தான் அத்தனை வருசமும் பூவைத் தடுத்திருக்கிறது. அவர் போனதால் பூக்கிறது.

இதை ஜமீலாவிடம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. அந்த நிலையில் அவளுக்கு இது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மொட்டு விட்டதை மட்டும் சொன்னேன்.

"எம்புட்டு இருக்கு?" என்று கேட்டாள். அத்தனை வாரத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

சுண்டுவிரலைக் காட்டினேன். "பூக்கும்போது என்னைக் கூப்பிடுங்க" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கூப்பிட்டாலும் வர முடியாது என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. இத்தா முடிய இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. மொட்டு அதுவரை பொறுக்காது.

அந்த வெள்ளிக்கிழமை மதினி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார். ஆடி வெள்ளி, வீட்டில் மொட்டு வேறு. கேட்கவா வேண்டும்! நான் குளித்துவிட்டு வருவதற்குள் செடிக்கு மஞ்சள் தெளித்து, தொட்டிக்குக் குங்குமம் வைத்து, மொட்டுக்கு நேர் கீழே சாம்பிராணிச் சட்டியை வைத்துவிட்டார். நெருப்புக் கனல, புகை மண்டுகிறது. நடுவில் மதினி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

மூன்றாம் நாள் இரண்டு மொட்டு பழுத்து விழுந்தன. சன்னலுக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்த ஒன்றுதான் பிழைத்தது.

வாசப்படி

"தொட்டியை இப்பவே அங்க கொண்டுபோய் வச்சிருவோம்" என்றேன். நஸ்ரின் வேண்டாம் என்றாள். மொட்டோடு இடம் மாற்றினால் உதிர்ந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்களாம். பூவைப் பறித்துக் கொண்டுபோகலாம் என்றால், அது விரிவதைப் பார்ப்பதுதானே பார்ப்பது? "வீடியோ கால் போடுறேன் அம்மா" என்று நஸ்ரின் சொன்னதற்கு ஜமீலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "போன்ல பாக்குறதுக்கா உங்க அத்தா இத்தனை வருசம் தண்ணி சுமந்தாவ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "எதிர்த்த வீடுதான ஜமீலா. நான் போர்வையப் போத்திக் கூட்டிட்டுப் போறேன். செத்த நேரம் இருந்து பாத்துட்டு வந்துருவோம். படைச்சவனுக்கு உன் மனசு தெரியாதா?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்குத் தெரியும் அக்கா. ஆனா அவியளுக்குன்னு நான் செய்யிறதுக்கு மிச்சம் இருக்கது இந்த இத்தா ஒண்ணுதான். அத ஒரு பூவுக்காக முறிச்சேன்னு இருக்க வேணாம்."



ஆக மிச்சம் இருந்தது ஒரே வழி. விரியப்போகிற அன்றைக்கே செடியைக் கொண்டுபோவது. அன்றைக்கு மொட்டு முற்றியிருக்கும், அசைத்தால்கூடத் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். இருப்பதோ ஒன்று. அது விழுந்தால் ஜமீலா முகத்தை எப்படிப் பார்ப்பது? ஒரு வாரம் செடியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

எந்த நாள் விரியும் என்று மதினியிடம் போனில் கேட்டேன். விசயத்தைச் சொன்னதுதான் தாமதம், "துக்க வீட்டுக்குள்ள கொண்டுபோறியா? அது சாமிப் பூவுடி! ஒரு கற்பூரம் காட்ட முடியுமா அங்க?" என்று குதித்தார்.

"உங்க சாம்பிராணியில ரெண்டு போச்சு மதினி. மிச்சம் இருக்க ஒண்ணு யாருக்குன்னு அத வளத்தவரு எப்பவோ சொல்லிட்டாரு. நான் யாரு, நீங்க யாரு மாத்துறதுக்கு?"

 போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால், "கழுத்து மேல வளைஞ்சு, மூக்கு உப்பி நின்னுச்சுன்னா அன்னைக்கு ராத்திரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

செடி போன வழி

கழுத்து வளைந்து மூக்கு உப்பிய அன்றைக்கு மத்தியானமே ராஜம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மடிப்பு டேபிளில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும், துணிச்சுருள் தள்ளும் டிராலியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர், "ரெண்டு ஆம்பளைங்க அலாக்காத் தூக்கிருவோம். ஜமீலா ரூமுக்குள்ள இருந்துக்கட்டும்" என்றார். அவர் கேஸ் சிலிண்டர் உருட்டுகிற அழகைப் பார்த்தவள் நான். மெல்லிய துணியைக் கசங்காமல் கையாண்ட கைகள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

காதர் கட்டிய கட்டுகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினேன். எல்லாம் அவர் போட்ட முடிச்சு. ஒன்றை வெட்டும்போது கை நின்றுவிட்டது. ராஜம்மாதான் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். மொட்டின் கழுத்துக்குப் புதுச் சுருளை எடுத்துத் தளர்வாக ஒரு தாங்கல் கொடுத்தோம்.

தெருவைத் தாண்டி எதிர் ஓரத்துக்கு வந்ததும், சாக்கடை வாறுகால் மேல் போட்ட கல்லில் டிராலிச் சக்கரம் இடறியது. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ராஜம்மா தோளைக் கொடுத்துவிட்டாள். ஓர் இலை படக்கென்று முறிந்தது.  துணியை விலக்கிப் பார்த்தேன். மொட்டு ஆடிக்கொண்டிருந்தது. விழவில்லை.

படியில் நாலு பேரும் சேர்ந்து தூக்கினோம். நஸ்ரின் கதவை விரியத் திறந்து பிடித்தாள். பட்டாசாலையின் நடுவில் இறக்கி வைத்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

ஜமீலா அறையிலிருந்து வெளியே வரவில்லை. தொழுதுவிட்டு வந்தாள்.

விரிந்தது

விளக்கை அணைத்துவிட்டோம். மூலையில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மட்டும். ஜமீலா பாயைச் செடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நாங்கள் சுவரோரமாக இருந்தோம். வெளியில் காற்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு மொட்டின் நுனி லேசாகப் பிரிந்தது. முதலில் வெளிப்பக்கத்து ஒல்லி இதழ்கள், இளஞ்சிவப்பாக, ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. உள்ளே வெள்ளை. அசைவது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் வேறு எங்காவது பார்த்துவிட்டுத் திரும்பினால் கூடியிருக்கும். பிறகு வாசம் வந்தது. பட்டாசாலை நிறைந்து, அறைகளுக்குள் போய், சந்தனமும் இல்லை மல்லிகையும் இல்லை, என்னால் சொல்லத் தெரியாத ஒரு வாசம். ராஜம்மாவின் கை தானாகக் குவிந்தது. 

முழுசாக விரிந்ததும் ஜமீலா எழுந்து கிட்டப் போனாள். தொடவில்லை. இரண்டு கையையும் அகட்டினாள். விரல்களைக் குவித்து, தட்டை ஏந்துவதைப் போல, காதர் காட்டுவாரே, அதே அளவு. அந்தக் கைகளைப் பூவின் இரண்டு பக்கமும் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பூ அவள் கையை எட்டவில்லை. இந்தப் பக்கம் நாலு விரற்கடை, அந்தப் பக்கம் நாலு விரற்கடை சும்மா கிடந்தது.

அப்படியே நின்றாள்.  இத்தனை பாடுபட்டு ஏமாற்றத்தையா கொண்டுவந்து வைத்தோம் என்று நினைத்தேன்.

ஜமீலாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்! "அக்கா, பாத்தீங்களா? பொய்யி! இத்தனை வருசமும் இம்புட்டுப் பொய்யி சொல்லியிருக்காவ!" என்றாள். "நானும் நம்பிட்டே இருந்திருக்கேன் பாருங்க." பிறகு பூவைப் பார்த்து, "ஏங்க, இதுவா தட்டு? இதுவா? வாங்க வீட்டுக்கு, உங்கள வச்சுக்கிறேன்" என்றாள்.

'வாங்க' என்று சொன்ன வாய் மூடவில்லை. சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அகட்டிய கையைக் கீழே போடாமலே அழுதாள். நஸ்ரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சித்திரையிலிருந்து தேக்கி வைத்ததெல்லாம் அன்றைக்குப் போனது. நானும் அழுதேன், அழுததைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அழுது ஓய்ந்து, அந்தப் பாயிலேயே பூவுக்கு எதிரே ஜமீலா தூங்கிப்போனாள். நஸ்ரின் போர்வை போர்த்தினாள்.

மறுநாள் காலை

முதல் பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். நேராக ஜமீலா வீட்டுக்கே வந்தார். துக்கம் கேட்க வந்ததற்குப் பிறகு அந்த வாசப்படியை அவர் மிதித்தது அன்றைக்குத்தான். கற்பூரமும் கொண்டுவரவில்லை, சாம்பிராணியும் கொண்டுவரவில்லை.

பூ அதற்குள் இதழ் மூடி, ஈரத்துணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மதினி குனிந்து அதைப் பார்த்தார். வருத்தம்தான், ராத்திரியே வந்திருக்கலாம் என்று முகத்தில் தெரிந்தது. பிறகு ஜமீலா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"நல்லா விரிஞ்சுச்சாம்மா? எம்புட்டுப் பெருசு இருந்துச்சு?"

ஜமீலா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மடியிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். நிதானமாக அகட்டினாள். ஒரு விரற்கடைகூடக் குறையாமல், அந்தத் தட்டளவு.

"இம்புட்டு இருந்துச்சு அக்கா."

மதினி திகைத்துப் போனார். வருசா வருசம் அந்தப் பூவைப் பார்க்கிறவர். என் பக்கம் திரும்பினார். "அம்புட்டா? நெசமாவா?"

"ஆமா மதினி, அம்புட்டு" என்றேன்.

"எங்க வீட்ல ஒரு நாளும் அம்புட்டுப் பெருசு பூத்ததில்லையே!"

ஜமீலா கையை இறக்காமலே சொன்னாள்: "இது அவிய தண்ணி ஊத்தி வளத்ததாச்சே."